சாமிக்கு வச்ச செடி

எச்சில் எனக்கு ஆகாது. இருபது வருடத்துக்கு மேல் பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்க்கிறவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டாக்டர் பல்லைக் குடையும்போது எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். நாசி லெமாக் சோறு தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் வருகிறவர்கள், ஈறில் கட்டிய சீழ் உடைந்து வழியும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறவர்கள், துப்பச் சொன்னால் கிண்ணத்துக்கு வெளியே துப்புகிறவர்கள் என்று தினமும் பத்துப் பன்னிரண்டு வாய்களைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முகக்கவசத்துக்குள் மூச்சை அடக்குவது பழகிவிட்டது. அருவருப்பு மட்டும் பழகவே இல்லை.

வேலை முடிந்து செந்தூலில் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேரும் வரைக்கும் எந்தக் கம்பியையும் பிடிக்க மாட்டேன். காலை அகட்டி நின்று சமாளிப்பேன். லிப்ட் பொத்தானை டிஷ்யூ வைத்து அமுக்குவேன். வீட்டுக்கு வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் ஒரு டம்ளரைத் தொடுவேன். தனியாக இருக்கிறவள் என்பதால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாடியில் எனக்கு 'சுத்தக்காரி' என்று பெயர் வைத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் டெங்கிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சாலையோரத்தில் ஒரு நர்சரியில் கார் நின்றது. மற்றவர்கள் ரோஜாவையும் கறிவேப்பிலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ஒரு மேசைமேல் தனியாக இருந்த செடியிடம் போய் நின்றேன். உள்ளங்கை அகலம். இதழ் இதழாக அடுக்கிய தடித்த இலைகள். அத்தனையும் நீலம். சலவை நீலத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அதன்மேல் முகப்பவுடரை ஊதிவிட்டது போல இருந்தது. நான் விரலை நீட்டினேன்.

"ஜாங்ஙான் பெகாங் லா, காக்!" என்று சீனக் கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார். தொடாதே என்று என்னை ஒருவர் அதட்டியது அதுதான் முதல் முறை. வழக்கமாக அதைச் சொல்கிறவள் நான்.

அவர் வந்து ஓர் இலையைக் காட்டினார். யாரோ ஒரு வாடிக்கையாளரின் கட்டைவிரல் அதில் அப்படியே பதிந்திருந்தது. விரல் பட்ட இடத்தில் நீலம் போய் உள்ளே இருந்த சாதாரணப் பச்சை தெரிந்தது. அந்தப் பவுடர் செடி தானே சுரக்கும் மெழுகு என்றும், வெயிலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் அதைக் காப்பது அதுதான் என்றும், ஒருமுறை அழிந்தால் அந்த இலையில் திரும்ப வராது என்றும் மலாயில் விளக்கினார். நடுவில் முளைக்கும் புது இலைதான் புது மெழுகோடு வருமாம். சக்குலன்ட், இலையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் வகை என்றார். பெயரையும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. என் மாதிரி ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. வாங்கிவிட்டேன்.

அதை வளர்ப்பது லேசில்லை. குளிர்ந்த மலையில் சுகமாக இருக்க வேண்டியதை இந்தப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் அது முறைத்துக்கொள்ளத்தான் செய்யும். மண் குறைவாக, பருமணலும் நுரைக்கல்லும் கூடுதலாகக் கலந்து மண்சட்டியில் வைத்தேன். இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. கிளினிக்கில் வாய் கழுவ வைத்திருப்பதைப் போன்ற வளைந்த மூக்கு ஊசிக்குழல் ஒன்றைப் புதிதாக வாங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை, அடி இலை லேசாகச் சுருங்கிய பிறகு, மண்ணில் மட்டும் சுற்றிவர விடுவேன். காய்ந்த இலையைக் கையால் கிள்ளாமல் இடுக்கியால் எடுப்பேன். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால், யாருடைய வாய்க்குள்ளோ குழாயைப் பிடித்தபடி செந்தூலில் நின்றுகொண்டு, சாரல் அடிக்குமோ என்று பதறுவேன்.

தொல்லை என்னவென்றால், என் வீட்டுக்குள் வெயில் வராது. காலை வெயில் பத்து மணி வரை விழுகிற ஒரே இடம் பொது நடைபாதையின் தடுப்புச் சுவர். எட்டு வீட்டுக்காரர்களும் அந்த வழியாகத்தான் லிப்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பலகை போட்டு, மேலே மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு கட்டி, செடியை வைத்தேன்.

விரல்கள் வந்தன. முதல் வாரமே இரண்டு பெருவிரல் ரேகை. அடுத்து, குழம்புக் கை பட்ட ஓர் எண்ணெய்ப் பொட்டு. ஒருநாள் இலைக்கு நடுவில் சிகரெட் சாம்பல். இன்னொரு நாள் ஒரு புண்ணியவான் நகத்தால் இதயம் கீறியிருந்தான். நகம்! அந்த நகத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்று நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு, ஏன் தொடக் கூடாது என்று பார்ப்பதற்காகவே தொட்டார்கள்.

எங்கள் மாடிப்படித் திருப்பம் ஒன்றில் எப்போதும் குப்பைப் பை கிடக்கும். அறிவிப்பு ஒட்டியும் அபராதம் என்று மிரட்டியும் நின்றபாடில்லை. ஒருநாள் யாரோ பழைய முருகன் படம் ஒன்றை அங்கே சாத்திவைத்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து ஒரு தாள் துண்டு விழவில்லை. அந்த வழியாக இறங்கும்போதெல்லாம் நான் நம் ஆட்களை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

ஒரு காலையில் கதவைத் திறந்தபோது, மூன்று வீடு தள்ளியிருக்கும் அக்கா செடிமேல் குனிந்து ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் லோரி ஓட்டியவர், அண்ணன் என்று கூப்பிடுவேன்; இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதியில் காலில் உணர்ச்சி போய்ப் புண்ணும் வந்த பிறகு வீட்டோடு இருந்தார். அக்காமீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த விரல் அப்போதுதான் மீன் கழுவிவிட்டு வந்த விரல். வாசனை என் வரைக்கும் வந்தது.

"அக்கா, தொடாதீங்க," என்றேன். விரல் நிற்கவில்லை. "சாமிக்கு வச்சிருக்கேன்."

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். "ஐயையோ, மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? மன்னிச்சிரு," என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். என்னிடம் கேட்ட மன்னிப்பா, செடியிடம் கேட்டதா தெரியவில்லை.

இரண்டு மாதம் ஒரு விரல் படவில்லை. நடுவிலிருந்து புது இலைகள் பிசிறில்லாத நீலத்தோடு விரிந்தன. எத்தனை சுலபம் என்று நினைத்தேன். ஒரு சொல்லைச் சொன்னால் எட்டு வீட்டுக் கையும் கட்டுண்டு நிற்கிறது. இவர்களை ஏய்க்க வேறு எதுவும் தேவையில்லை. அப்படித்தான், சொல்லப்போனால் அதைவிட மட்டமாகத்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து பார்த்தால் சட்டியில் இரண்டு ஊதுவத்தி. சாம்பல் இலையில் உதிர்ந்திருந்தது. அடுத்த வாரம் சட்டிக்கு மஞ்சள், குங்குமம். அதற்கடுத்த வாரம் என் வாசலில் ஏழெட்டுச் செருப்பு. செடியைச் சுற்றிக் கூட்டம். கீழ்வீட்டு அங்கிள் ஒருவர் ஒரு இலையின் அடியிலிருந்து நுனி வரை விரலை இழுத்து, ஒட்டிய வெள்ளைப் பொடியை நெற்றியில் பூசிக்கொண்டு, "திருநூறு கொட்டுது பாருங்க! நேத்து எடுத்தேன், இன்னிக்கு நடுவுல மறுபடி ஊறியிருக்கு!" என்றார். அந்த விரல் லிப்டில் காது குடைவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"அங்கிள், அது மெழுகு. செடியோட மெழுகு," என்றேன்.

"மெழுகோ மாவோ, குடுக்கிறது யாரும்மா? நீதானே சாமிக்கு வச்சதுன்னு சொன்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். அந்த இடத்தில், 'பொய் சொன்னேன், உங்கள் அழுக்குக் கைக்குப் பயந்து சொன்னேன்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மெழுகு என்று மட்டும் இன்னும் இரண்டு முறை சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

ஒருமுறை செடியை வீட்டுக்குள் தூக்கிவைத்துப் பார்த்தேன். அதைவிட மோசமாகிவிட்டது. தரிசனத்துக்குக் கதவைத் தட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வியர்த்த வெறுங்காலோடு என் தரையில் நடந்தார்கள். மூன்றே நாளில் திரும்ப வெளியே வைத்துவிட்டேன்.

பாலையும் ஊற்றினார்கள். இலையில் தண்ணீரே படக் கூடாத செடிக்குப் பாலாபிஷேகம். மறுநாள் அந்த வெயிலில் பால் திரிந்து நடைபாதை முழுக்க நாற்றம். எறும்பு சாரை கட்டியது. அடி இலைகள் கண்ணாடி போலாகி, மஞ்சளித்து, இடுக்கி பட்டதும் சளியாகக் கழன்றன. இலை இடுக்குகளில் பஞ்சு போல மாவுப்பூச்சி. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, நசுங்கிய வயிற்றிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ வந்தது. கிளினிக்கில் ஒருநாளும் வாந்தி எடுக்காதவள், அன்று பாத்ரூமுக்கு ஓடினேன். பூச்சியைவிட, அந்தக் கூட்டத்தைவிட, ஒன்றும் பேசாமல் துடைத்துக்கொண்டிருந்த என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா காகிதத்தோடு வர ஆரம்பித்தார். அதிகாலையில், மற்றவர்கள் வருவதற்கு முன், ஒரு கரண்டிக் காம்பால் நோகாமல் இலையைச் சுரண்டி, காகிதத்தில் பொடியை மடித்து எடுத்துப் போவார். நெற்றிக்குத்தானே என்று விட்டுவிட்டேன். எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் வீட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒரு நாற்றம் வந்தது. இனிப்பு கலந்த அழுகல். சீழ்ப்பல்லைத் திறக்கும்போது வருவது அதுதான். ஆயிரம் நாற்றத்துக்கு நடுவிலும் எனக்கு அது தெரியும். அந்த வீட்டில் பல் ஒன்றும் யாரும் பிடுங்கவில்லை என்பதும் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே தாண்டினேன். சனிக்கிழமையும். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவு திறந்திருந்தது. அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை முக்காலியில் நீட்டியிருந்தார். அக்கா ஈயை விரட்டியபடி, குழைத்த பொடியை அவர் விரல்களில் அப்பிக்கொண்டிருந்தார். பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. கறுப்புக்கும் தோலுக்கும் நடுவே ஈரம். அதன்மேல் என் செடியின் வெள்ளைப் பொடி.

"என்னக்கா இது?"

"சாமி திருநூறுதாம்மா. ரெண்டு வெள்ளி போட்டாச்சு. மூணு வெள்ளி போடறதா வேண்டியிருக்கேன். பாரு, காய்ஞ்சிக்கிட்டு வருதுல்ல?"

"அது காயல அக்கா. செத்துப்போச்சு. கட்டு மாத்த அரசாங்க கிளினிக்குக்குப் போய்க்கிட்டு இருந்தீங்களே?"

"போனோம். இது கெடைச்சதும் நிறுத்திட்டோம். அவருக்கும் தெனம் எறங்கி ஏற முடியல."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், கெளம்புங்க."

"இன்னும் ஒரு வெள்ளிதாம்மா. பாதியில விட்டா தெய்வக் குத்தம் ஆயிரும்."

வெள்ளிக்கு ஐந்து நாள் இருந்தது. அந்தக் கால் ஐந்து நாள் பொறுக்காது. மெழுகு என்று சொன்னேன். அங்கிளிடம் சொன்னபோது நடந்ததேதான் நடந்தது: சாமி மெழுகாகவும் வரும் என்றார் அக்கா. அண்ணன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நடைபாதைக்குப் போய்ச் செடியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் வீட்டுக் குழாயைத் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, அவர்கள் இருவர் கண்முன்னே ஒவ்வொரு இலையையும் கட்டைவிரலால் தேய்த்தேன். நடுக்குருத்தையும் விடவில்லை. நீலம் பாலாகக் கரைந்து போனது. அக்கா முதலில் "ஐயோ, ஐயோ" என்று என் கையைப் பிடித்து இழுத்தார், பிறகு விட்டுவிட்டார். கடைசியில் ஒரு பச்சைச் செடி இருந்தது. முட்டைக்கோஸுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றேன். "நான் பொய் சொன்னேன் அக்கா. உங்க கை மீன் வாடை அடிச்சிச்சு. என் செடியில நீங்க கை வைக்கக் கூடாதுன்னு சொன்ன பொய் அது."

அக்கா தன் கையைப் பார்த்தார். அண்ணன்தான் முதலில் அசைந்தார். "சட்டைய எடு," என்றார் அக்காவிடம்.

வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட்டோம். லிப்ட் நல்லவேளையாக ஓடியது. பின்சீட்டில் அண்ணன் கதவோரம் சாய்ந்து உட்கார, துண்டில் சுற்றிய அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். முன்சீட்டில் அக்கா. கையுறை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பாதி வழியில் துண்டு நனைந்து என் கால்சட்டைக்குள் ஈரம் இறங்கியது. டிரைவர் நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டார். எனக்குக் குமட்டியது. பரிவு வந்து அருவருப்பைத் துரத்திவிட்டது என்று எழுத ஆசைதான்; அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குமட்டிக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அவசரப் பிரிவில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு டாக்டர் வந்து, இரண்டு விரலை எடுத்தாக வேண்டும், பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கிறோம், இன்னும் சில நாள் விட்டிருந்தால் முட்டிக்குக் கீழே கால் இருந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு நாங்கள் இருவரும் இரும்பு நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது தாங்காமல் என் புத்தி பழைய வழிக்கே போனது. குற்றத்தில் பாதியையாவது அவர் பக்கம் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது.

"இருந்தாலும் எப்படிக்கா நம்புனீங்க?" என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது எனக்கே கேட்டது. "ஒரு செடிமேல இருக்கிற பவுடர் புண்ணை ஆத்தும்னு எப்படி நம்புனீங்க?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை போலிருந்தது.

"செடிய யாரும்மா நம்புனா?" என்றார். "நீ கிளினிக்ல வேல பாக்குறவ. மருந்து எது, அழுக்கு எதுன்னு தெரிஞ்சவ. கைய கழுவாம ஒரு டம்ளர தொட மாட்ட. சாமி பூதம்னு ஒருநாளும் பேசாத ஆளு. நீயே சொன்னியே, அதான் கட்டு மாத்தப் போறத நிறுத்துனேன். உன்னத்தாம்மா நம்புனேன்."